மொட்டைச்செல் மின்னிய மாதம்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் மோப்பம். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள்; அவளோ பட்டம் கிடைத்தது போல வாங்கிக்கொண்டாள். அடுத்தவர் திறந்து வைத்த பாட்டிலை விரலால்கூடத் தொடமாட்டாள். இன்குபேட்டர் கதவு சரியாக மூடாமல் இருந்தால் கடைசியாகத் திறந்தது யார் என்று விசாரணை வைத்துவிடுவாள். வீட்டில் இப்படி ஒரு குணம் இருந்தால் நிம்மதி கெடும். செல் வளர்க்கும் அறையில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அவள் வளர்த்தது மனிதச் செல்களை. ஒவ்வொரு செல்லின் மேலுறையிலும் ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டு. மருந்து வந்து தொட்டால் உள்ளே சேதி சொல்வது அவற்றின் வேலை, வாசலில் இருக்கும் அழைப்பு மணி மாதிரி. ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு ஏற்பியின் மரபணுவைச் செல்லுக்குள் புகுத்தி, மேலுறை முழுக்க அதையே முளைக்க வைப்பார்கள். அந்த அறையில் அதற்கு மணிச்செல் என்று பெயர். எதுவும் புகுத்தாத அதே செல் மொட்டைச்செல். மருந்து ஊற்றினால் மணி பச்சையாக மின்ன வேண்டும், மொட்டை இருட்டாகவே கிடக்க வேண்டும். மொட்டையும் மின்னினால் செய்த வேலை மொத்தமும் குப்பைக்குத்தான்.

அந்த மாதம் மொட்டை மின்னியது.

இரண்டும் கலந்துவிட்டால்தான் அப்படி ஆகும். கலக்காமல் இருக்கத்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது, ஒன்றுக்கு வைத்த ஊட்டநீர் பாட்டிலை இன்னொன்றுக்கு நீட்டக் கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம். அந்த அறைக்குள் புழங்கிய கைகள் இரண்டு பேருடையவை. ஒருத்தி இவள். இன்னொருத்தி இவளுடைய நாத்தனார்.

நாத்தனார் கணவனைப் பிரிந்து, மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். தற்காலிக வேலைக்கு அவளை இங்கே சேர்த்துவிட்டதே இவள்தான். வீட்டில் இருந்தால் தன் அண்ணனிடம் இவளைப் பற்றி என்னென்ன வத்தி வைப்பாளோ, கண்ணெதிரில் இருக்கட்டும் என்பதுதான் உள்நோக்கம். புண்ணியத்துக்குச் செய்தது போல வெளியில் காட்டிக்கொண்டாள். மாதக் கடைசியில் அந்த வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தது. அதற்கு இவள் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் போதும்.

இவளோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாத்தனாரைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் உள்ளே நுழைந்தபோது மேசையின் முன்பக்கக் கண்ணாடித் தடுப்பைச் சட்டென்று இறக்கினாளே, ஏன்? பாட்டிலைத் துடைத்ததையே திரும்பத் துடைக்கிறாளே, எதை மறைக்க? கேட்டால் சிரிக்கிறாள். குற்றமில்லாதவள் எதற்குச் சிரிக்க வேண்டும்? இப்படிப் பார்க்கத் தொடங்கினால் தும்மினால்கூடத் துரோகமாகத்தான் தெரியும்.

ஆய்வகத் தலைவி கேட்டபோது மழுப்பாமல் சொல்லிவிட்டாள். "அவ கை சுத்தமில்ல மேடம். அவசரத்துல ஒரே பாட்டில்ல ரெண்டுக்கும் ஊத்துறா."

"நேர்ல பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? செல்லே சொல்லுதே."

நாத்தனாரைச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதையும் இவள் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டாள்.

நிரூபித்தே தீருவது என்று, உறையவைத்த சேமிப்பிலிருந்து புது மொட்டைச்செல்லை எடுத்தாள். பூட்டுப் போட்ட தனி இன்குபேட்டரில், வேறு யார் கையும் படாமல் வளர்த்தாள். பிறகு மருந்தை ஊற்றினாள்.

மின்னியது.

அப்போதும் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நாத்தனார் சாவியை எப்போது எடுத்திருப்பாள் என்பதுதான். கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சாவி இருந்தது.

தலைவி ஒரு வழி சொன்னார். மணிச்செல்லுக்கு ஏற்பியைப் புகுத்தும்போதே, ஒரு விஷத்தைத் தாங்கும் சக்தியையும் சேர்த்துப் புகுத்தியிருப்பார்கள். மொட்டைக்கு அது கிடையாது. "மின்னுற மொட்டை எல்லாத்துலயும் அந்த விஷத்தை ஊத்துங்க. கலந்திருந்தா மணி மட்டும் பிழைச்சு நிக்கும்."

ஊற்றினாள். நாத்தனார் கைபட்ட குடுவையிலும், பூட்டி வளர்த்ததிலும். சில நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தாள். எல்லாம் செத்து மிதந்தன. மூலை மூலையாகத் தேடினாள். ஒன்றாவது உயிரோடு இருக்காதா என்று அவள் மனம் கிடந்து தவித்தது. ஒன்றுகூட இல்லை. எதுவும் கலக்கவே இல்லை.

தலைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இந்தச் செல்லுக்குப் பிறவியிலயே அந்த ஏற்பி கொஞ்சம் இருந்திருக்கு. பழைய மருந்துக்கு அது தெரியல. இந்த மாசம் வந்த புது மருந்து ரொம்ப வீரியம், காட்டிக் கொடுத்துடுச்சு. மொட்டைன்னு நாமதான் பேர் வச்சோம், யாரும் சோதிக்கல. உங்க நாத்தனாரை நாளைக்கே உள்ள வரச் சொல்லுங்க. வேலையும் நிரந்தரம்தான்."

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அந்தப் பெயரை மட்டும் சந்தேகப்படவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

கழுவும் அறையில் நாத்தனார் முழங்கை வரை நுரையோடு நின்றாள். இவள் சேதியைச் சொன்னாள். "சரி அண்ணி" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. கோபமாக ஒரு வார்த்தை வரும் என்று இவள் காத்திருந்தாள். வரவில்லை. வராதது இவளைக் குடைந்தது. கழுவும் வேலையில் போட்டு இத்தனை நாளாகியும் வீட்டில் கணவன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அப்படியென்றால் நாத்தனார் அவனிடம் சொல்லவே இல்லை; ஏதோ திட்டத்தோடுதான் அடக்கி வைத்திருக்கிறாள்.

"உங்கண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

நாத்தனார் துண்டை மடித்துக் கம்பியில் போட்டாள்.

"சொன்னா அண்ணனும் உங்க மேல சந்தேகப்பட ஆரம்பிச்சிடும். வீட்டுல அதுக்கு ஒரு ஆள் போதும் அண்ணி."