மூணு நம்பர் அக்கா

உதடு மட்டும் அசைகிறது. இருநூறு, இருநூறு, முந்நூற்று நாலு, மறுபடி இருநூறு. காலை எட்டரை மணி. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர நாற்காலியில், ஸ்வெட்டரின் கைக்குள் விரல்களை இழுத்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வெளியே நிற்கும் மரத்தின் நிழல் மேசைமேல் மெதுவாக ஆடுகிறது. இந்த அரைமணி நேரத்தில் யார் கூப்பிட்டாலும் "ம்" என்பார். அந்த "ம்" தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கும்.

ஆஸ்பத்திரியின் இணையதளம் அவர் பொறுப்பு. ஊரில் எவரோ ஒருவர் கைபேசியில் எதையோ கேட்டால், இங்கே இருக்கும் சர்வர் கணினி முதலில் மூன்று இலக்கத்தில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அதன் பின்னால்தான் பக்கத்தை அனுப்பும். கேட்டவர் கண்ணில் பெரும்பாலும் அந்த எண் படுவதே இல்லை. படுவது இவர் கண்ணில்தான். ஆபீஸ் முழுக்க இவருக்கு மூணு நம்பர் அக்கா என்று பேர் விழுந்துவிட்டது. இவரைவிட மூத்த மருந்தகத்துக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். இவரும் விட்டுவிட்டார்.

"இருநூறுன்னா கேட்டாங்க, குடுத்தாச்சு, அவ்வளவுதான்" என்பார். முந்நூற்று ஒன்று என்றால் அந்தப் பக்கம் வேறு வீடு போய்விட்டது, புது விலாசம் இதோ என்று அர்த்தம். ஆனால் அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது முந்நூற்று நாலு. கடைசியாக நீங்கள் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, ஒன்றும் மாறவில்லை என்று சர்வர் சொல்லும் பதில் அது. ஒரே பக்கத்தைப் பத்து நிமிடத்தில் பதினோரு தடவை கேட்டிருப்பார் ஒருவர். பதினோரு தடவையும் முந்நூற்று நாலு. அது யார் என்று அக்கா அரைக்கண் மூடி யோசிப்பார். பேருந்தில் நின்றபடி வரும் மகளோ, ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் புருஷனோ. அந்த வரிகளைத் தாண்டிப் போக மனசு வராமல் அங்கேயே நிற்பார். டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

கனவு காண்கிற ஆள்தான், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். "நாலுல ஆரம்பிச்சா தப்பு கேட்டவங்க மேல. அஞ்சுல ஆரம்பிச்சா தப்பு நம்ம மேல. இதுல போய் மழுப்பக் கூடாது." புதிதாக வேலைக்கு வருகிற யாரும் இந்தப் பேச்சிலிருந்து தப்பியதில்லை. வீட்டிலும் இதே பாஷைதான். பஸ் ஓட்டும் அவர் வீட்டுக்காரர் கண்ணாடி எங்கே என்று கேட்டால் அடுப்படியிலிருந்து "நானூத்தி நாலு" என்று பதில் வரும். நீ கேட்பது இங்கே இல்லை, சரியாகத் தேடு என்று பொருள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் தப்பு என் மேல என்று தனக்கு ஒரு ஐந்நூறுகூட வந்ததில்லை என்று மனுஷர் மச்சினியிடம் புலம்புவார். நியாயமெல்லாம் ஆபீஸோடு சரியாம்.

ஆபீஸிலும் ஒரு தடவை அந்த நியாயம் சரியாக இருக்கவில்லை. அக்கா தானாகவே சொன்னதால்தான் இது வெளியே தெரிந்தது. பரிசோதனை முடிவுகளை வைத்திருக்கும் பழைய மெஷின் ஒன்று அவ்வப்போது, அதுவும் அதிகாலையில், முரண்டு பிடிக்கும். அப்போதெல்லாம் ஐந்நூற்று மூன்று என்று சொல்ல வேண்டும். எங்களால் இப்போது முடியவில்லை, பிறகு வாருங்கள் என்று அர்த்தம். மாதக் கூட்டத்தில் காட்டும் வரைபடத்தில் இந்த ஐந்நூறுகள் சிவப்பாக வரும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் மேலதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, அம்மை போட்ட மாதிரி இருக்கிறதே என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்று மதியமே சர்வருக்குக் கட்டளையாக ஒரு வரி எழுதினார். அந்த மெஷின் பதில் சொல்லாவிட்டால் நானூற்று நாலு என்று சொல்லிவிடு. மெஷினைச் சரிசெய்யும் வரைக்கும், ஒரு வாரத்துக்குத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த மாதப் படம் பளிச்சென்று இருந்தது. மெஷினை எல்லாரும் மறந்தார்கள். அந்த வரியை அக்காவும் மறந்தார்.

போன மாதம் திரையில் ஓடும் வரிகளில் ஒன்று அவர் கண்ணில் பட ஆரம்பித்தது. தினமும் காலை ஆறு நாற்பதுக்கு, ஒரே பரிசோதனை எண்ணைக் கேட்டு, நானூற்று நாலு வாங்கிக்கொண்டு போனது. தப்பாக அடிப்பவர்கள் படபடவென்று நாலு தடவை நாலு விதமாக அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இது ஒரு நாளைக்கு ஒரே தடவை, ஓர் இலக்கம் பிசகாமல். என்ன பிடிவாதமான தப்போ என்று அக்கா சிரித்துக்கொண்டார். ஒன்பது நாள் அப்படி. பத்தாம் நாள் ஆறு நாற்பதுக்கு அந்த வரி இல்லை. எட்டே முக்கால் வரை அக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பழைய மெஷினுக்குள் போய் அந்த எண்ணைத் தேடினார். முடிவு அங்கே இருந்தது. பத்து நாளாக இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. மேலே போட்டிருந்த குறிப்பு மட்டும் தெரிந்தது: உடனே மருத்துவரைப் பார்க்கவும். இரண்டு வருஷத்துக்கு முன் தான் எழுதி வைத்த வரி அப்போதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது.

சத்தமில்லாமல் அந்த வரியை அழித்துவிட்டு வார்டுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம், யாரும் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படித் தனக்கும் தோன்றியது, ஒரு நிமிஷம் முழுசாகத் தோன்றியது என்று அவரே சொல்கிறார். பிறகு லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி வார்டு நர்ஸிடம் ஓடினார். நர்ஸ் ஸ்பீக்கரில் ஃபோன் போட்டார். எடுத்தது ஒரு தையல்காரம்மா. பின்னணியில் தையல் மெஷின் ஓடி நின்றது. முடிவு வந்ததும் கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, ஏன் இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நர்ஸ் கேட்டார்.

"எண்ணைச் சரிபார்க்கவும்னு வந்துச்சும்மா. நான்தான் தப்பா அடிக்கிறேன்னு நினைச்சேன். ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாம வந்து நிக்கிறாளேன்னு திட்டுவீங்களோன்னு..."

நர்ஸ் உடனே வரச் சொல்லி ஃபோனை வைத்ததும் அக்கா அங்கிருந்து நேராக மேலதிகாரி அறைக்குப் போனார். அமைதியாகச் சரிசெய்துவிடுங்கள், யார் எழுதினது என்பதெல்லாம் இப்போது எதற்கு என்றார் அவர். "நான் எழுதினது சார். கூட்டத்துல நானே சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, முதல் வேலையாக அந்த வரியை அழித்தார்.

தையல்காரம்மா மூன்று மணிக்கு வந்தார். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அக்கா காத்திருந்தார். மதிய வெயில் வராந்தாவில் நீளமாகப் படுத்திருந்தது. மின்விசிறி சுற்றுவதும் சுற்றாததும் ஒன்றாகத் தெரிந்தது. கதவு திறந்து தையல்காரம்மாவும் நர்ஸும் வெளியே வந்தார்கள். இன்னும் கை மீறவில்லை, ஆனால் இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, இன்றே சேர்ந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என நர்ஸ் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அக்கா வாய் திறப்பதற்குள் தையல்காரம்மாவே முந்திக்கொண்டார். தன்னால் எல்லாருக்கும் சிரமம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டபடி பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் அந்த எண் ஒன்பது வரிகளில் எழுதியிருந்தது. தினமும் காலையில் ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டைப் பார்த்து எழுதி, ஒவ்வொரு இலக்கத்துக்கும் அடியில் புள்ளி வைத்து, அதைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்.

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க. தப்பு என் மேல. உங்களுக்கு இல்லன்னு சொன்னது நான் எழுதி வச்ச வரி" என்றார் அக்கா.

தையல்காரம்மா நோட்டை அவர் பக்கம் திருப்பி நீட்டினார்.

"அப்ப என் நம்பரு சரிதானா?"

அக்கா பக்கத்தில் இடம் விட்டு அவரை உட்கார வைத்தார். நர்ஸிடம் பேனா வாங்கினார். நோட்டை மடியில் வைத்து, சீட்டை அதன்மேல் பிடித்து, முதல் வரியை இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படித்து, ஓரத்தில் ஒரு டிக் போட்டார். பிறகு இரண்டாவது வரியில் விரல் வைத்து, மறுபடி முதல் இலக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.