வெல்டா கழுவிய கார்புரேட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, வெல்டா ஸ்டக்கி ஒரு கிழிசல் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போவாள். முந்தின நாள் பந்தயத்தில் அப்பிய சேற்றோடு கார் அங்கே நிற்கும். அவள் கணவன் ஆர்லின் வீட்டுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். ஜெயித்த வாரம் பீர் அதிகம். தோற்ற வாரம் அதைவிட அதிகம். எப்படியும் மத்தியானத்துக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான்.

சேற்றை எப்போது வேண்டுமானாலும் கழுவலாம். ஆல்கஹாலை அப்படி விட முடியாது. இண்டியானாவின் அந்தப் பக்கத்தில் மண் தடத்தில் ஓடுகிற பெரிய கார்களெல்லாம் பெட்ரோலை விட்டு மெத்தனால் என்கிற ஆல்கஹாலுக்கு மாறி வருடங்கள் ஆகியிருந்தன. இன்ஜின் சூடேறாது, இழுவையும் அதிகம் என்று ஆண்கள் அதைக் கொண்டாடினார்கள். அதன் கெட்ட குணம் கார் நின்ற பிறகுதான் தெரியும். காற்றில் இருக்கிற ஈரத்தை அது சும்மா உட்கார்ந்தபடியே உறிஞ்சிக்கொள்ளும். அப்படியே விட்டுவைத்தால், எரிபொருளையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டருக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அலுமினியம் சொத்தைப் பல் மாதிரி குழி விழும். ரப்பர் ஊறி உப்பும்.

முதல் வருடம் இது யாருக்கும் உறைக்கவில்லை. புது கார்புரேட்டர் ஒன்று நாசமானது. ஆர்லின் அதைச் சுவரில் வீசி அடித்தான். மெத்தனால் பீப்பாய் கொண்டுவருகிற ஆள் செய்ய வேண்டியதை விளக்கிச் சொன்னபோது, ஆர்லின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெல்டாதான் காது கொடுத்தாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை, அவள் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

டேங்கை வடித்துக் காலி செய்வாள். பீப்பாயின் மூடியை இறுக்குவாள். ஒரு சின்ன கேனில் கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோலை எடுத்துக் குழாயில் மாட்டி இன்ஜினைக் கிளப்புவாள். கண்ணைக் கரிக்கிற புகை போய்ப் பெட்ரோல் வாசனை வரும்வரை ஓடவிடுவாள். பிறகு கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, துளை துளையாகக் காற்றடித்து, எண்ணெய் தெளித்து மூடுவாள். ஆல்கஹால் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு பிசையும்போது உப்பு ஏறி உயிர் போகும்.

"கையுறை போட்டுக்கயேன்" என்று ஆர்லின் ஒருமுறை சொன்னான். வாங்கி வரவில்லை.

எண்பத்தாறாம் வருடம் ஆர்லினுக்கு வாழ்க்கையிலேயே நல்ல வருடம். ஆகஸ்ட் வரைக்கும் புள்ளிப் பட்டியலில் அவன் பெயர்தான் மேலே. அந்த மாதம் ஒரு வியாழக்கிழமை கெண்டக்கியிலிருந்து வெல்டாவின் தங்கை போன் செய்தாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டதாம், பேச்சில்லையாம்.

வெல்டா துணிகளைப் பையில் திணித்துக்கொண்டே சொன்னாள்: "ஆர்லின், ஞாயித்துக்கிழமை நீதான் பாத்துக்கணும். எல்லாம் செய்ய வேணாம். வடிச்சுட்டு, பெட்ரோல்ல கொஞ்ச நேரம் ஓட விடு. அது போதும்."

"எனக்குத் தெரியாதா? வண்டி என்னுது."

"தெரியும்னா செய்."

"செய்றேன்மா. நீ முதல்ல கிளம்பு, அம்மாவப் பாரு."

அம்மா படுக்கையில் கோணின வாயோடு கிடந்தாள். வெல்டா ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தால் பாதி வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்த போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"ரெண்டாவதா வந்தேன்" என்றான் ஆர்லின். "கடைசி வளைவுல ஒருத்தன் குறுக்க வந்துட்டான், இல்லன்னா நான்தான்."

"வண்டிய வடிச்சியா?"

"ம்."

"பெட்ரோல்ல ஓட்டினியா?"

"ஓட்டினேன்னு சொல்றேன்ல. அம்மா எப்படி இருக்காங்க?"

அம்மா புதன்கிழமை போய்ச் சேர்ந்தாள். அடக்கம் சனிக்கிழமை. ஆர்லின் தன் சிநேகிதன் டெல்மரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் ஓட்டிவந்தான். குழியருகில் நின்று நிஜமாகவே அழுதான். கல்யாணமான புதிதில் மாமியார் அவனை மகன் மாதிரி வைத்துக்கொண்டவள். அதைப் பார்த்தபோது வெல்டாவுக்கு அவன்மேல் பல வருடமாக இல்லாத பிரியம் வந்தது. அன்றைக்கு இண்டியானாவில் மழை, பந்தயம் ரத்து. "பாரு, அம்மாவே நிறுத்திட்டாங்க" என்று அவன் சொன்னதுகூட அவளுக்குத் தப்பாகப் படவில்லை.

அவள் இன்னும் சில நாள் இருந்து, தங்கையோடு வீட்டை ஒழித்துவிட்டுத் திரும்பினாள். வந்ததும் ஷெட்டுக்குப் போனாள். மழை ஈரம் சுவரிலெல்லாம் இறங்கியிருந்தது. கார்புரேட்டரின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடியில் திரிந்த பால் மாதிரி கெட்டியாக ஏதோ கிடந்தது. ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. விரலால் சுரண்டினால் அடியில் உலோகம் பொடிந்து வந்தது.

ஆர்லின் வாசலில் வந்து நின்றான்.

"டெல்மர் மீன் பிடிக்கக் கூப்பிட்டான்" என்றான். "ஒரு வாரந்தானேன்னு விட்டேன். மழை வரும்னு யாருக்குத் தெரியும்?"

"போன்ல கேட்டேனே."

"நீ அங்க அந்த நிலைமையில இருக்க. உன்ன எதுக்கு வருத்தணும்னுதான்."

வெல்டா கார்புரேட்டரைக் கழற்றினாள். பாகம் பாகமாகப் பிரித்து ஊறப்போட்டாள். பிரஷ்ஷால் தேய்த்தாள், மெல்லிய கம்பியை ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுத்தாள். குழாய்க்குள் காற்றடித்தாள். அடிக்க அடிக்க டேங்கிலிருந்து வெள்ளைத் தூள் வந்துகொண்டேயிருந்தது. நின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி அடித்தால் இன்னும் கொஞ்சம் வரும்.

"இது சுத்தமாகாது" என்றாள். "டேங்கு, குழாய் எல்லாம் மாத்தணும். இந்தக் கார்புரேட்டர் அவ்வளவுதான். வேற கிடைக்கிற வரைக்கும் வண்டிய எடுக்காத."

"சனிக்கிழமை கடைசிப் பந்தயம். எடுக்காதன்னா? நீ என்ன பேசுற? நாலு இடத்துக்குள்ள வந்தாப் போதும், கோப்பை எனக்குத்தான்."

"தூள் ஒண்ணு போய் அடைச்சா இன்ஜின் எரிபொருள் இல்லாமக் காஞ்சு போகும். பிஸ்டன் உருகிடும்."

"நீதான் கழுவிட்டியே. நீ கழுவினா சரியா இருக்கும்."

இத்தனை வருடத்தில் அவன் சொன்ன ஒரே பாராட்டு அதுதான்.

சனிக்கிழமை வெல்டா வழக்கம்போல வேலியோரம் நின்றாள். ஆர்லின் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தான். அப்படியே போயிருந்தால் போதும். பாதிப் பந்தயத்தில் காரின் சத்தம் மாறியது. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது மெலிந்து கீச்சென்று ஏறியது. பக்கத்தில் நின்றவர்கள் "என்னா வேகம் எடுக்கிறான் பாரு!" என்று கைதட்டினார்கள். வெல்டா வேலியைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்து, நிறுத்து" என்று முணுமுணுத்தாள். அடுத்த சுற்றில் காருக்குப் பின்னால் நீலப்புகை நீளமாக விழுந்தது. கார் உள்பக்கப் புல்லில் இறங்கி நின்றது.

இழுத்துவந்த காரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. வெல்டா போய்ச் சேர்வதற்குள் டெல்மர் கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தான். வெள்ளைத் தூள் அவன் விரலில் ஒட்டியிருந்தது.

"டேய், இது என்னடா மாவு மில்லு மாதிரி?" என்று ஒருவன் சிரித்தான். "பொண்டாட்டி சமையலறையில வெச்சுக் கழுவினாளா?"

ஆர்லின் ஹெல்மெட்டைத் தரையில் போட்டான். "என்னத்தச் சொல்றது" என்றான் எல்லோரையும் பார்த்து. "இதப் பாத்துக்கறவ ரெண்டு வாரம் ஊர் சுத்தப் போயிட்டா. வண்டி போச்சு."

ஒருவரும் வெல்டா பின்னால் நிற்பதைக் கவனிக்கவில்லை.

"எங்கம்மா செத்துட்டாங்க, ஆர்லின்" என்றாள்.

டெல்மர் விரலைக் கால்சட்டையில் துடைத்தான்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றான் ஆர்லின். முகம் சிவந்துவிட்டது. "அடக்கத்துக்கு நானும்தான வந்தேன்? நான் அதச் சொல்லல. வண்டியப் பத்திச் சொன்னேன். எதுக்கெடுத்தாலும் உடனே அம்மாவ இழுக்காத."

வீடு வரும்வரை அவன் ரேடியோவைப் போட்டிருந்தான்.

மறுநாள் காலையில் வெல்டா நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். திரும்பிவந்து கோழியும் நூடுல்ஸும் செய்தாள். ஷெட்டுப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன் பிறகு எப்போதுமே போகவில்லை. ஆர்லின் காரணம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். குளிர்காலம் முழுக்க இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வசந்தத்தில் புது கார்புரேட்டரோடு மறுபடி ஓடினான். சில ஞாயிற்றுக்கிழமைகள் தானே எழுந்து போய் அரையும்குறையுமாகக் கழுவினான். சில ஞாயிறு எழுந்திருக்கவில்லை. ஜூன் மாதமே அதுவும் பூத்துப்போனது. ஆடி ஓய்ந்தவன், பெட்ரோலில் ஓடுகிற சின்னக் கார்களின் பந்தயத்துக்கு இறங்கிவிட்டான். மேல்வகுப்பில் ஓடினவன் அங்கே பையன்களோடு மோதிக்கொண்டிருப்பதை ஊர் பார்த்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் ஊர் முனையில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தார்கள். வெல்டா கைகழுவப் போய்விட்டுத் திரும்பும்போது, பக்கத்து மேசைக்காரன் ஆர்லினிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உன்ன மாதிரி ஆளு ஏம்ப்பா ஆல்கஹால விட்டுட்ட? அந்த வருஷம் கோப்பை உன் கையில இருந்துச்சே."

ஆர்லின் ரொட்டியில் குழம்பைத் தொட்டுக்கொண்டே சொன்னான்: "வீட்ல அவளுக்கு அந்த நாத்தம் ஒத்துக்கல. தலவலி, அது இதுன்னு தினம் பாட்டு. கல்யாணம்னு ஆனா நாமதான விட்டுக்குடுக்கணும்?"

"அதுவும் சரிதான்" என்றான் அந்த ஆள். வெல்டாவைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு மரியாதையாகச் சிரித்தான். "நல்ல மனுஷன் கெடச்சிருக்கான்மா உனக்கு."

வெல்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஆர்லின் தட்டைவிட்டு நிமிரவில்லை. அவன் காது மட்டும் சிவந்திருந்தது. சொல்ல வேண்டியது முழுக்க அவள் வாயில் தயாராக இருந்தது. அம்மாவின் அடக்கத்திலிருந்து ஆரம்பித்தால் போதும், கடை முழுக்கக் கேட்கும். ஆனால் கேட்டுவிட்டு இவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவன் இருமுவான், ஒருவன் காபி கேட்பான். நாளைக்கு, ஸ்டக்கியின் பெண்டாட்டி புருஷனை நாலு பேர் நடுவில் அசிங்கப்படுத்தினாள் என்பது மட்டும் ஊரில் மிஞ்சும்.

பரிமாறுகிற பெண் வந்து, "பழம் வெச்சுச் சுட்ட பை வேணுமா அக்கா? ஆப்பிள், செர்ரி ரெண்டும் இருக்கு" என்றாள்.

"செர்ரி குடு" என்றாள் வெல்டா.

அது வந்ததும் கடைசித் துணுக்குவரை நிதானமாகத் தின்றாள். ஆர்லின் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு, "போலாமா?" என்று கேட்டதற்கு, "நீ போய் வண்டியில உக்காரு, வரேன்" என்றாள். அவன் போனான். அவள் இன்னொரு காபி வரவழைத்துக் குடித்துக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.