பனிநாட்டு ரயிலில் போட்ட துண்டு

எழுபதுகளில் துபாயில் தண்டவாளம் கிடையாது. ஆனாலும் அல் கூஸ் பக்கம் இருந்த எங்கள் கட்டடத் தொழிலாளர் கேம்பில் ஒரு மின்சார ரயில் பெட்டி நின்றது. எங்கோ ஒரு பனிநாட்டில், காலையில் ஆபீஸ் போகிறவர்களை ஏற்றிச் செல்வதற்காகச் செய்த பெட்டி. துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததை எங்கள் அரபி முதலாளி மலிவாக வாங்கி, லாரியில் ஏற்றி வந்து மணலில் இறக்கிவிட்டார். சைட் ஆபீஸாம்.

கண்ணாடி ஜன்னல் இரட்டை இரட்டையாக இருக்கும். ஒன்றையும் திறக்க முடியாது. முன்பக்கம் பனியைத் தள்ள ஓர் இரும்புப் பலகை. சீட்டுக்கு அடியில் ஹீட்டர். எங்கள் எலக்ட்ரீஷியன் மண்டையை உடைத்துக்கொண்டு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் கொடுத்தான். விளக்கு எரிந்தால் ஹீட்டரும் எரிந்தது. தனியாகப் பிரிக்க அவனுக்குத் தெரியவில்லை. ஜூலை மாதத்தில் பில் பார்க்க உள்ளே போன முதலாளி, அவித்த இட்லி மாதிரி வெளியே வந்தார். அதன்பிறகு ஆபீஸ் மறுபடி கூடாரத்துக்கே போய்விட்டது.

குளிர்காலம் வந்தது. பாலைவனக் குளிர் எலும்பைக் கடிக்கும். டூட்டி முடிந்ததும் கேம்ப் முழுக்க அந்தப் பெட்டிக்குள் அடைந்தது. ரயில் என்று ஆகிவிட்டால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? குளிக்கப் போகும்முன் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். துண்டு கிடந்த சீட்டில் எவனும் உட்காரமாட்டான். ஓடாத வண்டியில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

புதுக்கோட்டைக்காரக் கொத்தனார் ஒருவன் மட்டும் சண்டைக்கு வருவதில்லை. தையில் அவனுக்குக் கல்யாணம். அவனுக்கு லீவ் கிடைக்காததால் பெண் வீட்டார் ஏற்கெனவே இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டவர்கள். இனி காத்திருக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளியோ, கூரைக்கு ஸ்லாப் போடாமல் லீவ் மாஃபி, கிடையவே கிடையாது என்றார். பையன் சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிடுவான்.

ஒரு சாயந்தரம் முதலாளி திடீரென்று பெட்டிக்கு வந்தார். குளிருக்குத் தலையோடு கம்பளி போர்த்தியிருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் எங்களில் ஒருவர்தான். காலியாக இருந்த ஜன்னலோர சீட்டில், கிடந்த துண்டை நகர்த்திவிட்டு உட்காரப் போனார். அந்த நேரம் பார்த்துத் தலை ஈரத்தோடு கொத்தனார் உள்ளே வந்தான்.

"யோவ்! துண்டு கெடக்குறது கண்ணு தெரியலையா?"

முதலாளி திரும்பினார். என்ன சொல்கிறான் என்று என்னிடம் இந்தியில் கேட்டார். ஸ்டோர்கீப்பர் என்பதால் எல்லா வம்பும் எனக்குத்தான் வரும். துண்டு போட்டவருக்கே சீட், அவர் இறங்கும்வரை அது அவருடையது என்று எங்கள் ஊர்ச் சட்டத்தை விளக்கினேன்.

"எங்கே இறங்குகிறான்?" என்றார்.

கொத்தனாருக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "புதுக்கோட்டைன்னு சொல்லுங்கண்ணே. ட்ரெயின் ரெடி, நானும் ரெடி. பாஸ்போர்ட்டுதான் அவரு பீரோவுல இருக்கு."

சொன்னேன். முதலாளி அவனையே பார்த்தார். பிறகு கம்பளி நழுவ, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வியாழக்கிழமை போ. ஆனால் ஸ்லாப்புக்கு ஆள்?"

பாவி, கையை என் பக்கம் நீட்டினான். "அண்ணன் பாத்துக்குவாரு."

நான் பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கியவனில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாண நாளன்று நாள் முழுக்கக் கான்கிரீட் சட்டி தூக்கினேன். அவனைத் திட்டாத நிமிஷமில்லை. சாயந்தரம் பெட்டிக்குள் எல்லோருமாகச் சேர்ந்து சேமியா பாயசம் வைத்தார்கள். எனக்குத் தம்ளரைத் தூக்கக் கை வரவில்லை. எலக்ட்ரீஷியன்தான் பாயசத்தை என் வாயில் ஊற்றினான். "மாப்பிள்ளை வீட்டுக்காரரே, நல்லா சாப்புடுங்க" என்றான். சிரித்ததில் முதுகு இன்னும் வலித்தது.