அலுமாரி நசித்த கை

நான் இறால் பிடிக்கப் போவதற்கு அம்மா என் சேட்டை அயன்பெட்டியால் மினுக்கித் தருவார். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. முழுக்கைச் சேட்டு, நீளக் காற்சட்டை, சப்பாத்து, கழுத்தில் காலாவதியான அலுவலக அட்டை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. இத்தனை சோடனையோடும் கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு ரவுனுக்குப் போகிறவன் போல மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டு, வழியில் நாயாற்றில் நிறுத்திவிடுவேன். என்னோடு படித்த ஒருவனுக்கு அங்கே ஒரு வாடி இருந்தது. நாலு தடியும் கிடுகும்தான். அதற்குள் எல்லாவற்றையும் கழற்றிக் கொழுவிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவனோடு கடலை ஒட்டிய களப்புக்குள் இறங்குவேன்.

முன்பு உண்மையாகவே அலுவலகம், அம்மாவின் பேச்சில் கந்தோர், ஒன்று இருந்தது. ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலை. பணம் தந்த வெளிநாடு கையை விரித்ததும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். இனி என்ன செய்யப் போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை.

"ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. வேற வேலை கிடைக்குமட்டும் வழமை மாதிரிக் காலமை வெளிக்கிட்டுப் போ."

"எங்கையம்மா போறது?"

"எங்கையாவது போ."

எங்கேயாவது என்று போன இடம்தான் நாயாறு. நாலு நாள் சும்மா கரையில் குந்தியிருந்தேன். ஐந்தாம் நாள் நண்பனின் வலையை வாங்கி வீசினேன். அந்த வேலை எனக்குப் பிடித்தது. கையும் அதற்கு வளைந்து கொடுத்தது. இறால் காலத்தில் அலுவலகச் சம்பளத்தைவிடக் கூடவே கிடைத்தது. இதை வீட்டில் சொன்னால் ஆறுதல்படுவார்கள் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் மடத்தனம்.

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். "உன்னைக் கடலுக்கு விடவோ நான் வள்ளத்தை வித்துப் படிப்பிச்சனான்?"

"கடல் இல்லையப்பா, களப்பு."

அந்தப் பதிலில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் என்றால் சட்டிக்குள் கிடப்பது மட்டும்தான்.

காசு வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அது சம்பளமாக வரவேண்டும். இறால் அன்றாடம் காசு தருகிறது. அன்றாடம் கொண்டுவந்து நீட்டினால் அம்மாவின் முகம் கோணும். நண்பனிடம் சேர்த்து வைத்து, மாதம் முடிய ஒரு கடித உறையில் போட்டுக் கொடுத்தால் மாதா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுப்பார். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையையும் அதே படத்துக்கு முன்னால்தான் எனக்குச் சொல்லித் தந்தவர்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தால் சுவிஸிலிருந்து அக்காவின் அழைப்பு வரும். அக்கா நலம் விசாரித்து முடியமுன் அத்தான் தொலைபேசியை வாங்கிவிடுவார்.

"இப்ப எவ்வளவு உழைக்கிறாய்?"

சொல்லுவேன்.

"அது ஒரு சம்பளமே? உன்னோட படிச்ச பெடியள் எல்லாம் இப்ப எங்கை நிக்கிறாங்கள்?"

ஒருவன் நாயாற்றில், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான் என்று சொல்ல வாய் உன்னும். அம்மா பக்கத்தில் நின்று கண்ணை உருட்டுவார். அத்தான் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. வெளிநாட்டில் இருப்பவரிடம் அதைக் கேட்பது மரியாதையில்லையாம். மரியாதை இல்லாத கேள்விகளெல்லாம் ஊரில் இருக்கிறவனுக்குத்தான்.

ஊருக்கு இது தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர் மீன் வியாபாரிகள் நாயாற்றில்தான் இறால் எடுக்கிறார்கள். என்னிடமே எடுத்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு அம்மா என்னையும் அகப்பை பிடிக்க வைத்திருந்தார். உண்மையிலேயே தெரியாதவர் ஒருவர் இருந்தாரென்றால், அது கோவிலில் பூசைக்குப் பாட்டுப் படிக்கிற ஒரு அன்ரி. அவருடைய தங்கையின் மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் ஆசிரியை. மாப்பிள்ளை உத்தியோகத்தில் இருக்கவேண்டும் என்பது அவர்கள் பக்கத்து ஒரே நிபந்தனை.

அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் வலையில் பட்ட திருக்கையைக் கழற்றப் போனபோது, அது வாலைச் சுழற்றி என் வலது உள்ளங்கையில் முள்ளை ஏற்றிவிட்டது. திருக்கை முள் ஏறினவனுக்குத்தான் அந்த நோ தெரியும். தோள்வரைக்கும் நெருப்பு. நண்பன் வாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைச் சுடுதண்ணீருக்குள் வைத்தான். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியதும் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றான். வீட்டுக்கு அழைத்துச் சொன்னேன்.

"சாரத்தோட போயிடாதை," என்றார் அம்மா. "சேட்டைப் போட்டுக்கொண்டு போ. நான் ஓட்டோவில வாறன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, நண்பன் சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டான். கடைசிப் பொத்தானில் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. நோவிலா, அவமானத்திலா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் என் முறை வருவதற்குள் அம்மா வந்துவிட்டார். போதாத காலம், எங்களுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றது அந்த அன்ரி.

"ஐயோ, தம்பிக்கு என்ன நடந்தது?"

"கந்தோரில அலுமாரி நசிச்சுப் போட்டுது," என்றார் அம்மா. மூச்சுக்கூட வாங்கவில்லை.

வரிசை வைத்தியரின் அறைக்குள்ளேயே போய் முடிகிறது. நான் கதிரையில் இருந்தேன். அன்ரி ஒரு முழம் தள்ளி மர வாங்கில் இருந்தார். வைத்தியர் இளம் ஆள், கையைத் திருப்பிப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டார்.

"அலுமாரி."

"அலுமாரி நசிச்சா இப்பிடி ஓட்டை விழாதே?"

"அதில ஆணி ஒண்டு இருந்தது, டொக்டர்."

வைத்தியர் என்னைப் பார்த்தார். அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. அந்த அழுத்தலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், சிறு வயதில் பூசையில் கதைத்தால் அப்படித்தான் அழுத்துவார். எலும்பு முறிந்திருக்கிறதா பார்ப்போம், படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று வைத்தியர் துண்டு எழுதத் தொடங்கினார். படம் எடுக்கிற இடத்தில் இன்னொரு வரிசை. உள்ளே விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. என்னைப் பெற்றவர் அதைத் தெரிந்துகொண்டே பேசாமல் நிற்கிறார். மீன்பிடிகாரன் பெண்சாதிக்குத் திருக்கைக் குத்து எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"திருக்கை குத்தினது!" என்று கத்தினேன். "அலுமாரியும் இல்லை, கந்தோரும் இல்லை. நான் நாயாற்றில இறால் பிடிக்கிறனான்!"

வெளியில் நின்ற வரிசை வாசலுக்குள் எட்டிப் பார்த்தது. வைத்தியர் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தாதியைக் கூப்பிட்டார். முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து கிடந்தது. கீறி எடுத்து, ஊசி போட்டு, வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிட்டார்கள்.

அன்ரி மருந்து எடுக்காமலே போய்விட்டார். அம்மா வார்ட்டுக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கை எப்படி என்று கேட்கவில்லை.

"வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்."

"கை போயிருக்கும், அம்மா."

"கை சுகமாகும். கதை சுகமாகுமோ?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகனின் கையைவிட மகனின் உத்தியோகம் பெரிது, அதுவும் இல்லாத உத்தியோகம். அன்று அவரை வெறுத்தேன். மறைத்து எழுத ஒன்றுமில்லை.

ஊரார் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அம்மாவை அந்தப் பழமொழி அறியாது. கட்டுப் போட்ட கையோடு அடுத்த பூசைக்குப் போனபோது ஒருவர் என் தோளைத் தடவினார். "பாவம் தம்பி. கை ஏலாமப் போனதால கந்தோரில நிப்பாட்டிப் போட்டாங்களாமே?" எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது ஆள் சொன்னபோது விளங்கியது. முதலில் அலுமாரி நசித்தது, அதனால் வேலை போனது, மனமுடைந்த பிள்ளை பொழுதுபோக்காகக் களப்புக்குப் போனது, அங்கே அதே கையில் திருக்கையும் குத்தியது. நான் வார்ட்டில் கிடந்த நாட்களுக்குள் அம்மா எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி முடித்திருந்தார். அன்ரிகூட இரக்கத்தோடு தலையசைத்தார்.

அன்று பின்னேரம் யாரோ பார்க்க வந்தார்கள். நான் உள்ளே படுத்திருந்தேன். விறாந்தையில் அப்பாவின் குரல் கேட்டது. "நட்டஈடும் குடுக்கேல்லை, கள்ளங்கள்."

இப்போது நான் சாரத்தோடுதான் வீட்டிலிருந்து போகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. ஊர் என்னை வேலை இழந்த அதிகாரியாகப் பார்த்து அனுதாபப்படுகிறது. நல்ல இறால் பட்ட ஒரு நாள், அலுமினியப் பெட்டியை அப்பாவின் கதிரைக்கு முன்னால் வைத்துத் திறந்தேன். பெரிய இறால்கள், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷம் கடலில் நின்ற மனிதன். குனிந்து பார்த்தார். கை தன்பாட்டில் நீண்டு ஒரு இறாலைத் தூக்கி, நிறை பார்த்து, திரும்ப வைத்தது. ஒரு சொல் வரும் என்று நின்றேன்.

"வேற வேலைக்கு எழுதிப் போட்டனியோ?" என்று கேட்டார்.