குதிரைப் பண்ணைக்குச் சம்பந்தம் விசாரிக்க வந்தவர்

எங்கள் சனம் கலியாணம் பேசத் தொடங்கினால் முதலில் ஊருக்குத்தான் தொலைபேசி எடுக்கும். பெடியன் எந்த இடம், தாய் எந்தப் பக்கம், என்ன ஆக்கள் என்று சாதியையும் சேர்த்து நாலு பேரிடம் விசாரிக்கும். அந்த நாலு பேரும் ஐந்து விதமாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் சாதகமே கைமாறும். யுத்தம் முடிந்த அந்தக் கோடையில் டென்மார்க்கில் பெண் வைத்திருந்த தகப்பன்மார் திக்குமுக்காடிப் போனார்கள். வன்னியில் எந்த ஊரிலும் ஆளில்லை. விசாரித்துச் சொல்ல வேண்டிய சனமெல்லாம் வவுனியா முகாம்களில் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் இருந்தது.

சொன்னால் பாவம், அது எனக்கு ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது. என்னை வளர்த்த அம்மா என்னைப் பெற்றவர் அல்ல. ஒரு இடப்பெயர்வில், சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடமொன்றில், காய்ச்சலில் செத்துப்போன ஒரு பெண்ணின் பக்கத்தில் நான் கிடந்தேனாம். அம்மா தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண் எந்த ஊர், என்ன ஆக்கள் என்று கேட்க அன்றைக்கு ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. எனக்கு மீசை அரும்பிய வயதில் அம்மாவே இதைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, இனி இந்தக் கதையை எடுத்தால் வாயிலே போடுவேன் என்றும் சொன்னார்.

நான் அப்போது ஒடென்சே நகருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஓட்டக் குதிரைகள்தான், ஆனால் முதுகில் ஆள் ஏறுகிற வகை இல்லை. பின்னால் இரண்டு சில்லு வண்டியைக் கட்டி, அதில் ஒருவர் இருந்து ஓட்டுவார். குதிரை விரைவு நடையில்தான் ஓட வேண்டும். பாய்ச்சல் எடுத்து, உடனே பழைய நடைக்குத் திரும்பாவிட்டால் போட்டியை விட்டு வெளியே போட்டுவிடுவார்கள். எங்கள் வாழ்க்கையில் பாய்ந்து ஓடித் தப்பியவர்களைத்தான் கண்டிருக்கிறேன். பாய்ந்ததற்காகத் தோற்கிறதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

நான் கட்ட நினைத்தவளை எனக்குப் பஸ்ஸில்தான் பழக்கம். அவளும் தமிழ்ப் பெட்டைதான், ஒடென்சேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். ஒருநாள் பக்கத்திலிருந்த தோழியிடம், இந்தத் தமிழனில் குதிரைச் சாணம் மணக்கிறது என்று டேனிஷில் சொன்னாள். எனக்கு விளங்காது என்ற நினைப்பு. நான் எழும்பி, அதே டேனிஷில், குளித்துவிட்டுத்தான் வந்தேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அன்றைக்கு அவளுடைய முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒன்றாகத்தான் பஸ்ஸில் போனோம்.

அவளின் அப்பா தலைநகருக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் இருந்தார். சோடா போத்தல் தொழிற்சாலையில் மேற்பார்வை. அவள் என்னைப் பற்றிச் சொன்னவுடன் ஊருக்குப் போன் அடித்திருக்கிறார். மணி அடித்ததே தவிர எடுக்க ஆளில்லை. கடைசியில், “ஆளை நேரில பாத்தா எனக்குத் தெரியும். நடையைப் பாத்தே என்ன ஆக்களெண்டு சொல்லுவன்” என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை கடலுக்கு மேலால் போகிற பெரிய பாலத்தைத் தாண்டிக் கார் ஓடிக்கொண்டு வந்தார். அவள் முதல்நாள் எனக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் கதையைக் கேட்டால் மட்டும் சொல்லு, கேளாமல் வாயைத் திறக்காதே. எனக்கு வாய் நீளம் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளை விட எனக்கு வேறு ஒருவரும் அந்த நாட்டில் இல்லை. அவர் வேண்டாமென்று சொன்னால் அவள் மீறி வரமாட்டாள். அதையும் அவளே நேராகச் சொல்லியிருந்தாள்.

அவர் கோட் சூட் போட்டு, சப்பாத்து மினுங்க வந்து இறங்கினார். அவள் முன்பே வந்து என்னோடு நின்றாள். எனக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அண்ணை என்றால் அவள் எனக்குப் பெறாமகள், மகள் முறையாகிவிடுவாள். மாமா என்றால் காரியம் முடிந்தமாதிரி. ஆகவே பெயரும் முறையும் இல்லாமல், வாங்கோ, இருங்கோ, சேறு, பாத்து வாங்கோ என்று சமாளித்தேன்.

“தம்பி, அம்மா எந்தப் பக்கம்?” என்று கார்க் கதவைச் சாத்த முதலே கேட்டார்.

“இப்ப முகாமில” என்றேன். “சனிக்கிழமையில ஆரோ ஒராள் ஒளிச்சு வச்சிருக்கிற போன் அவவின்ர கைக்கு வரும். இண்டைக்கும் மிஸ்ட் கோல் அடிப்பா. நான் எடுக்கவேணும், குறை நினைக்காதேங்கோ.”

கேட்டதற்குப் பதில் அதுவல்ல. ஆனால் முகாம் என்றதும் அவர் கொஞ்சம் அடங்கினார். நான் அந்த இடைவெளியில் குதிரை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் தடித்த காலும் பெரிய வயிறுமாக ஒரு மண்ணிறக் குதிரை நின்றது. அதனோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. அவர் வேலியில் கையை ஊன்றி, பெண் பார்க்க வந்தவர்போல இரண்டையும் மேலும் கீழும் பார்த்தார்.

“தாயை உரிச்சு வச்சிருக்கு” என்றார். “அந்த முழியைப் பார். அந்தக் கழுத்துத் திருப்பலைப் பார். இரத்தம் எண்டுறது இதுதான் தம்பி. ஒளிக்கேலாது.”

அவள் எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். தலையாட்டினால் போதாதென்று, “காதும் அப்பிடித்தான், என்ன?” என்று வேறு எடுத்துக் கொடுத்தேன். அவர் காதையும் ஒப்பிட்டார். குளம்பையும் ஒப்பிட்டார். நான் விட்டிருந்தால் வாலுக்கும் வந்திருப்பார். அதற்குள் பண்ணைக்காரி வாளியோடு வந்துவிட்டாள்.

அவள் எழுபது வயதை நெருங்கிய மனுஷி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அவர் தன்னுடைய டேனிஷில் குட்டியையும் தாயையும் மெச்சினார். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இது அதன் தாய் இல்லையே என்றாள். அதன் தாய் அதோ என்று அடுத்த புல்வெளியைக் காட்டினாள். அங்கே ஒல்லியான கறுப்புக் குதிரையொன்று நின்றது. நல்லாக ஓடுகிற குதிரை அது. சினைப்பட்டால் ஒரு பருவ ஓட்டம் போய்விடும். அதனால் மிருக வைத்தியர் வந்து, கரு பிடித்து ஒரு கிழமையில், கண்ணுக்கும் தெரியாத அளவில் இருக்கும்போதே கழுவி எடுத்து, இந்த மண்ணிறத்தின் வயிற்றில் வைத்துவிட்டார். கறுப்பு தன்பாட்டில் ஓடியது. மண்ணிறம் பதினொரு மாதம் சுமந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் வடிவாச் சொல்லிக்கொண்டிருந்தனீங்கள். குறுக்க விழக்கூடாதெண்டு விட்டனான்.”

மகள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. பதிவில் தாயென்று எதன் பெயர் இருக்கும் என்று பண்ணைக்காரியைக் கேட்டார். கறுப்பின் பெயர்தான், இரத்தம் சோதித்துத்தான் பதிவார்கள் என்றாள் அவள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தியோ. டென்மார்க்காரனும் கடைசியில அங்கதான் வந்து நிக்கிறான். இரத்தம்தான் கணக்கு. வயிறு சும்மா வாடகை வீடு.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “அப்பிடியெண்டா குட்டியைக் கிட்டப் போய்த் தொட்டுப் பாருங்கோ” என்றேன். “எது கோவிக்குதெண்டு பாப்பம்.”

அவரும் வீறாப்பில் வேலிக்கு மேலால் குனிந்து கையை நீட்டினார். மண்ணிறம் காதிரண்டையும் பின்னால் மடித்தது. அடுத்த கணம் கோட்டின் தோள்மூட்டு அதன் வாய்க்குள் இருந்தது. பண்ணைக்காரி அதட்டினாள், நான் மூக்கில் தட்டினேன், அது விட்டபோது கோட்டின் ஒரு கை தையல் பிரிந்து தொங்கியது. அவருக்குத் தோலில் ஒரு கீறலும் இல்லை. கறுப்பு அங்கே புல்லில் இருந்து தலையே நிமிர்த்தவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்ன புத்தியெல்லாம் காற்றில் போய்விட்டது. கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம், காய்ச்சல், செத்த பெண், அம்மா. “என்ன ஆக்களெண்டு எனக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியாது. இனி விசாரிக்கவும் ஏலாது” என்றேன். சொன்ன பிறகு, கெட்டது குடி என்று நினைத்தேன். மகள் டேனிஷில் ஏதோ தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அப்போதுதான் அம்மாவின் மிஸ்ட் கோல் வந்தது. நான் திருப்பி எடுத்து, சுகம் கேட்டு, அவளின் அப்பா வந்து நிற்கிறார் என்ற அளவில், அவர் கையை நீட்டினார்.

“தாரும். நான் கதைக்கிறன்.”

கொடுக்காமல் இருக்க முடியாது. எல்லாருக்கும் கேட்கச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தேன்.

“அக்கா, நான் பெட்டையின்ர தேப்பன். தம்பி ஒரு விஷயம் சொன்னவர். தான் நீங்கள் பெத்த பிள்ளை இல்லையெண்டு.”

அந்தப் பக்கம் காற்றும் சனத்தின் இரைச்சலும் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், கிணற்றடிச் சண்டைக்கு வைத்திருக்கிற குரல்.

“அவனுக்கென்ன தெரியும்? அவன் அப்ப குழந்தை.”

அவர் ஏதோ சொல்லத் தொடங்க முதலே அம்மா தொடர்ந்தார்.

“ஒரு ராவும் பகலும் நோப்பட்டுப் பெத்தனான். அது கிடக்கட்டும். நீங்கள் எந்த இடம்?”

அவர் ஊரைச் சொன்னார்.

“அதில எந்தப் பக்கம்? கோயிலடியோ, சந்தையடியோ?”

“கோயிலடி அக்கா.”

“பெட்டையின்ர தாய்?”

அவர் அதையும் சொன்னார். தாயின் தாயையும் சொன்னார். குடி உண்டோ என்று கேட்டதற்கு, “கிறிஸ்மஸுக்கு மட்டும்” என்றார். எப்போது கால் இரண்டையும் சேர்த்து நேராக நின்றார் என்று நான் கவனிக்கவில்லை.

“நான் என்ர பிள்ளையைக் கண்டபடி ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்” என்றார் அம்மா. “உங்கட ஊர்ச் சனம் ரெண்டு குடும்பம் பக்கத்துக் கூடாரத்தில இருக்கு. விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

தொலைபேசிக்கு வேறு ஆட்கள் காத்து நின்றிருக்க வேண்டும். தொடர்பு அறுந்தது. அவர் போனைத் துடைத்து என் கையில் தந்தார். தொங்கிய கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டார். மகளை ஒரு தரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அம்மா ஓமெண்டு சொல்லுவாவோ?”