யாரிடமும் கொடுக்காதீர்கள்

இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது வீட்டில் எல்லோரும் என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். அதுதான் முதலில் எனக்கு உறுத்தியது.

தொண்ணூறுகளின் நடுவில் அது. கன்னடம் பேசும் நகரத்தில், ஆஸ்டின் டவுன் பகுதியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். நான், கணவர், நான்கு வயது மகள், மாமனார். மாமியார் என் திருமணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, மாலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து பீடி பிடிப்பது, இவ்வளவுதான் அவர் நாள். எனக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. பயம் இருந்ததில்லை.

முதல் பிரசவம் குடியாத்தத்தில், அம்மா வீட்டில். இரண்டாவதற்கு அம்மாவால் வர முடியவில்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு அம்மா அழுதாள். "உன் நாத்தனா இருக்காளே, நல்ல பொண்ணு, பார்த்துக்குவா" என்றாள்.

நாத்தனார் என் கணவருடைய தங்கை. பொம்மனஹள்ளியில் இருந்தாள். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் மெஷினில் வேலை. அவள் கணவர் கம்பெனி வேன் ஓட்டினார். எங்களுக்கு முன்பே கல்யாணமானவர்கள். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், தர்கா என்று அலைந்து ஓய்ந்து, ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். என் முதல் பிள்ளையின்போது அவள் எங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வரவில்லை. எனக்கு அது புரிந்தது. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

இந்த முறை வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஞாயிறுதோறும் வந்தாள். மாதுளம்பழம், பேரீச்சம்பழம், ஃபேக்டரியில் மிஞ்சிய வெட்டுத் துணியில் தைத்த சின்னச் சட்டைகள். என்னைத் துணி துவைக்க விடமாட்டாள். "நீங்க குந்துங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன்" என்று பக்கெட்டைப் பிடுங்கிக்கொள்வாள். பேசிக்கொண்டே இருந்து, சட்டென்று என் வயிற்றின்மேல் கையை வைப்பாள்.

"ஒதைக்குதா அண்ணி?"

"உம்."

கையை எடுக்க மாட்டாள். உள்ளே குழந்தை அசையும்வரை காத்திருப்பாள். அசைந்ததும் அவள் முகத்தில் வரும் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அது அண்ணன் பிள்ளைக்காகச் சிரிக்கிற சிரிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

அவள் தைத்துக் கொடுத்த சட்டைகளை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே பெரியவை. தவழ்கிற பிள்ளைக்கும் நடக்கிற பிள்ளைக்கும் போடுகிற அளவு. பிறந்த குழந்தைக்கு ஒன்றுகூட இல்லை. பால் மறந்த பிறகு கூட்டிப் போவதற்கா என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் சட்டைகளை அலமாரிக்குள் தள்ளி மூடினேன்.

அதன் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. மாமனாரும் கணவரும் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். காயப்போட்ட துணியை எடுக்க நான் படியேறினால், பேச்சு தண்ணீர் லாரிக்கு மாறிவிடும். மாமனார் என் தட்டில் மீன் துண்டை எடுத்து வைத்தார். அதுவரை அவர் அப்படிச் செய்ததே இல்லை. "நல்லா சாப்புடும்மா" என்றார். நான் அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

ஒரு மத்தியானம் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் பொம்மையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, பாப்பா பொறந்து அத்தை வீட்டுக்குப் போயிடுமா?"

சீப்பு அப்படியே நின்றது. "யாருடி சொன்னா?"

"தாத்தா."

"உங்கிட்டயா சொன்னாரு?"

"இல்ல. அப்பாகிட்ட." அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பொம்மைக்கும் தலை வாரச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "சின்னப் பிள்ளை ஏதோ உளறுது. நீ கண்டதையும் நெனச்சு உடம்பைக் கெடுத்துக்காத. மொதல்ல நல்லபடியா பொறக்கட்டும்."

மொதல்ல என்றால், அப்புறம் என்ன? அதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வயிற்றில் கை வைத்தபோது நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் பாத்திரம் தேய்த்துவிட்டுச் சீக்கிரமே பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. ஓவர்டைம் என்றார் கணவர். வராததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. குழந்தைக்காகத் தன் வீட்டைத் தயார் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் இட்லிப் பாத்திரத்தை இறக்கும்போது வலி எடுத்தது. ஆட்டோவில் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே என்னை மட்டும் விட்டார்கள். நர்ஸ் கன்னடக்காரி. கறாரானவள். "ஜோராகி முக்கம்மா, பாயி முச்சு!" என்று அதட்டினாள். வாயை மூடிக்கொண்டு முக்கினேன். முதல் பிரசவத்தைவிட வேகமாகவே முடிந்தது.

"ஹெண்ணு மகு கணம்மா" என்றாள். பெண் குழந்தை.

துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். வெளியே இருப்பவர்களிடம் காட்டுவது வழக்கம். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை.

"யாரிகூ கொடபேடி!" யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று அவள் மொழியிலேயே கத்தினேன்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "ஏனம்மா, நின்ன கண்டனே அல்வா ஹொரகடே இரோது?" வெளியே நிற்பது உன் புருஷன்தானே என்று கேட்டாள்.

"யாரிகூ" என்று மறுபடி சொன்னேன். "நனகே கொடி." என்னிடமே கொடுங்கள் என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, திரும்பி வந்து குழந்தையை என் பக்கத்தில் கிடத்தினாள். வெளியே போய் வாயால் மட்டும் செய்தி சொன்னாள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு கணவரும் மாமனாரும் வந்தார்கள். கணவர் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். மாமனார் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றார். "பொண்ணு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மகன் முகத்தைப் பார்த்தார். மகன் ஜன்னலைப் பார்த்தார். நான் முந்தானையின் ஒரு முனையைக் குழந்தையின் துணியோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தேன். அடுத்த கட்டிலில் இருந்த பெண், "ஏன்க்கா, கட்டி வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். விழுந்துவிடும் என்று சொன்னேன்.

நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. ஜுரம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து மாமனார் கதவருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் பால் கொடுத்து முடித்திருந்தேன்.

"ஒனக்கு மொதல்லயே ஒரு பொண்ணு இருக்கும்மா" என்றார். "என் பொண்ணு ஒண்டியா இருக்கு. பொம்மனஹள்ளி இன்னா தூரமா? நெனச்சா பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். நம்ம வீட்டுப் பிள்ளை நம்ம வீட்லதான இருக்கப் போவுது."

அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

"பையனா பொறந்திருந்தா கேட்டிருப்பீங்களா மாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கேட் சத்தம் கேட்டது. மாமனார் என் மகளைக் கூட்டி வரப் பள்ளிக்கூடம் போயிருந்தார். எட்டிப் பார்த்தேன். நாத்தனார். குழந்தையைத் தூக்கித் தோளோடு சேர்த்துக்கொண்டேன். அவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். இளைத்திருந்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி. எடுத்துட்டுப் போவ வரல."

நான் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"அப்பா ஒங்ககிட்ட கேட்டுட்டாராம். நேத்து எங்க வீட்டுக்கு வந்தப்பதான் சொன்னாரு. சண்டை போட்டேன்."

"நீ கேக்காமலா அவரு கேட்டாரு?"

"நான் கேக்கல. ஆனா பொய் சொல்ல மாட்டேன்." படியில் உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு நாள் தள்ளிப் போச்சுன்னு தெரிஞ்சப்பவே அப்பா சொன்னாரு, மறுபடி பொண்ணா இருந்தா ஒனக்குத்தான்னு. நான் அப்ப வேணாம்னு சொல்லல. சும்மா இருந்துட்டேன். ஞாயித்துக்கெழமை ஆனா கால் தானா இங்க வரும். அப்புறம் ஒரு நாளு கை வெச்சேன், நீங்க நகர்ந்துட்டீங்க. அன்னிக்கு பஸ்ல போவும்போது அழுதேன். வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன், இது வேணாம், நமக்கு இது வேணாம்னு. வந்து பார்த்தா மறுபடி ஆசை வரும். அதான் ஆஸ்பத்திரிக்கு வரல. ஜுரமெல்லாம் இல்ல."

நான் சந்தேகப்பட்டது பொய்யில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல், அலமாரியைக் காட்டி அசட்டுத்தனமாக ஒன்றைக் கேட்டேன். "அப்ப ஏன் சட்டையெல்லாம் அவ்ளோ பெருசா தெச்சே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "சின்னதா தெச்சா எத்தினி நாளைக்கு அண்ணி போடும்?"

மாமனார் என் மகளோடு திரும்பி வந்தபோது நாத்தனார் எழுந்து நின்றாள். "இனிமே இந்தப் பேச்சு எடுத்தீங்கன்னா நான் இந்த வாசல் மிதிக்க மாட்டேன்பா" என்றாள். அவர் பேத்தியின் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தவர் கணவர். அன்று மாலை அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "உங்கப்பா கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"பொறக்கட்டும், பார்க்கலாம்னு சொன்னேன்."

"வேணாம்னு சொல்லல?"

"அவரு மனசு கஷ்டப்படும்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிறவர்போல, "விடு. அடுத்தது பையனா பொறந்தா இந்தப் பேச்சே வராது" என்றார்.

மாமனார் பிள்ளையில்லாத தன் மகளுக்காகத் திட்டம் போட்டார். இவர் யாருக்காகவும் எதுவும் செய்யவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று ஒதுங்கி நின்றிருக்கிறார். இத்தனை நாளும் நான் தவறான ஆளைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்குக் கழுத்து நின்றதும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

துணைக்கு நாத்தனாரைத்தான் அழைத்திருந்தேன். வேறு யாருமில்லை என்பதும் உண்மைதான். பெயர் கூப்பிட்டதும், பால் கொடுத்து முடித்திருந்த குழந்தையை அவளிடம் நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை.

"நெஜமாவா அண்ணி?"

"பிடி. தோளோட சேத்து நல்லா பிடிச்சுக்க."

கதவு மூடும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஊசி போடும்போதும் எனக்கு அந்தப் பெஞ்ச்தான் கண்ணில் நின்றது. வெளியே ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் என்பது ஞாபகம் வந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

விழித்தபோது வராந்தாவிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டுக் கத்துவது கேட்டது. கூடவே அவள் குரலும் கேட்டது. யாரோ ஆயாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "எஷ்டு ஹொத்தம்மா? இன்னும் எவ்ளோ நேரம்? பசிக்கு அழுவுது, அவங்க அம்மாவ எழுப்புங்க, என்னால ஆவல!"

உள்ளே விட்டார்கள். தலை கலைந்து, சேலையெல்லாம் நனைந்து, கிட்டத்தட்ட அழுதுகொண்டே வந்து குழந்தையை என் பக்கத்தில் போட்டாள். "புடிங்க அண்ணி ஒங்க ராட்சசிய" என்றாள்.

குழந்தையின் காதை, கையை, இடுப்புக்குக் கீழே இருந்த மச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பால் கொடுத்தேன். அவள் அதைக் கவனித்தாள். தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சேலையை உதறிவிட்டு, எனக்கு ஒரு டீ வாங்கி வருவதற்காக வெளியே போனாள்.