காலித் தட்டு

எங்கள் வார்னம்பூல் ஊரில் க்ளெனிஸ் தனியாக வாழ்ந்த விதவை. வியட்நாமிலிருந்து படிக்க வந்த துயெனுக்கு அவள்தான் வீட்டில் இடம் கொடுத்தாள்.

முதல் வாரமே, "பக்கத்து வீட்ல விருந்து, ஒரு தட்டு எடுத்துட்டு வா" என்றாள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால், ஏதாவது சமைத்துக் கொண்டுவா என்று பொருள். துயெனோ அலமாரியிலிருந்த நீலப்பூத் தட்டைக் கழுவித் துடைத்து, காலியாகவே ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். சிரித்துச் சிரித்து க்ளெனிஸுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அன்றிலிருந்து துயென் அவளுக்கு மகளானாள்.

படிப்பு முடிந்ததும் ஊர்ப் பால்பவுடர் கம்பெனி துயெனை வேலைக்கு எடுத்தது. எங்கள் நாட்டையும் வியட்நாமையும் அறிந்த ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் முதலாளிகள் வியட்நாமில் தொழிற்சாலை கட்டத் துணிந்தார்கள். அதை நடத்தப் போகிறவளும் அவளே.

"பணத்தை அங்க கொண்டுபோய்ப் போடட்டும். என் பொண்ணை ஏன்டி பிடுங்கிட்டுப் போறாங்க?" என்று க்ளெனிஸ் வெடித்து அழுதாள்.

"நான் போகலேன்னா அந்தப் பணமும் போகாது, ஆன்ட்டி."

வழியனுப்பு விருந்துக்கு எல்லோரும் கேக்கும் இறைச்சியுமாக வந்தார்கள். துயென் மட்டும் அதே நீலப்பூத் தட்டைக் காலியாக க்ளெனிஸிடம் நீட்டினாள்.

"இன்னுமாடி உனக்கு அர்த்தம் தெரியல?"

"தெரியும். தொழிற்சாலைத் திறப்பு விழாவுக்கு நீங்க இதை எடுத்துட்டு வரணும், காலியாவே. நிரப்புறது என் பொறுப்பு."

ஊரைவிட்டே நகராத க்ளெனிஸ் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எங்கடி எடுக்கணும்?"